நோக்கம்: மருத்துவம்

மார்ச் 9

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறேன் என்று எழுதியிருந்தாய். நம்பிவிட்டேன், வேறு வழியில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. எல்லைக் கேட்டுக்குப் பக்கத்தில் செல்போன் சிக்னலை நிறுத்தி வைத்திருப்பதில் எனக்கு ஒரே லாபம், பெற்ற பெண் கையால் கடிதம் எழுதுகிறாள் என்பதுதான். உங்கள் ஆய்வு நிறுவனத்திலும் காலையில் நுழையும்போதே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுகிறார்களாமே. மூன்றாவது மாடி, திறக்க முடியாத ஜன்னல், கழுத்தில் தொங்கும் அட்டையில் உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'தற்காலிகம்' என்ற சொல். படிக்கும்போதே எனக்கு மூச்சு முட்டியது. உனக்குப் பிடித்திருக்கிறது என்கிறாய், அப்படியென்றால் சரி.

இன்டர்ன்ஷிப் என்றால் என்ன என்று அப்பா மூன்றாவது முறையாகக் கேட்டார். மேல்படிப்புப் படிக்கிற பிள்ளைகள் ஆறு மாதம் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும், வேலையும் செய்ய வேண்டும் என்றேன். லாரிக்கு அடியில் படுத்திருந்தவர் தலையை மட்டும் நீட்டி, "அப்போ ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற வேலை" என்றார். அப்பாவின் பட்டறையில் எல்லா உத்தியோகமும் இப்படித்தான் முடியும். டீக்கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே. பெண் என்ன படிக்கிறாள் என்று அவர் கேட்டதற்கு, சர்வதேச உறவும் பாதுகாப்புக் கொள்கையும் என்று சொல்லித் தொலைத்தேன். "செக்யூரிட்டியா? பொம்பளப் புள்ளைக்கு நைட் டூட்டி குடுத்துடப் போறாங்க, பாத்துக்குங்க" என்றார். திருத்துவதற்கு எனக்கு நேரமில்லை, கேட்டுப் படிவம் எழுதிக்கொள்ள என் மேஜை முன்னால் வரிசையில் பதினாறு பேர் நின்றார்கள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் மேலதிகாரி அம்மாள், நீ சிவப்புப் பேனா என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறாயே அவர், பதினோரு எல்லைக் கேட்டுகளின் பதிவுகளை உன்னிடம் கொடுத்து ஆராயச் சொல்லியிருக்கிறார். அதில் நம் கேட்டு வழியாக மட்டும் போன வருடம் பதினோராயிரத்துச் சொச்சம் பேர் 'மருத்துவம்' என்று நோக்கம் காட்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். நம் ஊரில் இருப்பதோ இரண்டு கட்டில் போட்ட ஒரே ஆஸ்பத்திரி. அதிலும் ஒரு கட்டிலில் மருந்துப் பெட்டி அடுக்கியிருக்கிறது. உங்கள் அறையில் ஒருவர் கடத்தல் என்கிறாராம், இன்னொருவர் உளவு என்கிறாராம். நீ இந்த ஊர்க்காரி என்று பக்கத்து மேஜைக்காரர்களிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். சொன்னால் என்ன? ஊர் ஒன்றும் தொற்று நோய் இல்லையே.

உனக்குத் தெரியாததா? என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் நீ. இருந்தாலும் விவரமாக எழுதிக் கேட்டிருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

படிவத்தில் ஏழாவது கட்டம், வருகையின் நோக்கம். அதற்குப் பதில் ஐந்துதான்: வணிகம், கல்வி, வேலை, மருத்துவம், மற்றவை. அக்காளைப் பார்க்க வருகிறவள், பேரனைத் தூக்கிக் கொஞ்ச வருகிறவர், இந்தப் பக்கத்து ஆள்தான் முடி நன்றாக வெட்டுகிறார் என்று வருகிறவர், எல்லோரும் 'மற்றவை'. மற்றவை என்று எழுதினால் இரண்டாவது அறைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு பெஞ்சும் இரண்டு மணி நேரக் கேள்வியும் இருக்கும். வணிகம் என்றால் ரசீது கேட்பார்கள், வேலை என்றால் உத்தரவு கேட்பார்கள். மருத்துவம் என்றால் மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. அடுத்தவன் நோயைத் துருவிக் கேட்க யாருக்கும் மனம் வராது. முத்திரை என்று நாம் பெயர் வைத்திருக்கும் கேட்டு அதிகாரியே ஒருநாள் என் மேஜைக்கு வந்து, "எல்லாருக்கும் மருத்துவம்னே போட்டுடுங்கம்மா, எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாயைத் திறக்கும் முன்னே கை முத்திரை குத்திவிடும் மனிதர் அவர். அன்றிலிருந்து நானும் அப்படியே எழுதுகிறேன். நோக்கத்தை எழுதுவது ஒரு கை, கேட்டைத் தாண்டுவது வேறு கால். இரண்டுக்கும் அறிமுகமே கிடையாது.

உன் சித்தியையே எடுத்துக்கொள். இருபது வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தப் பக்கத்திலிருந்து மருத்துவத்துக்கு வருகிறாள். கல்லைத் தின்றாலும் அவளுக்குச் செரிக்கும். வந்ததும் நம் வீட்டுக் கூடத்தில் காலை நீட்டிப் படுத்து, இரண்டு மணி நேரம் மாமியார் வீட்டை வைது தீர்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பிப் போகிறாள். ஒரு வகையில் அதுவும் வைத்தியம்தான். இதையெல்லாம் உன் சிவப்புப் பேனாவிடம் சொல்லு. அந்த ஜன்னல் திறக்காத அறையில் ஒருநாளாவது யாராவது சிரிக்கட்டும்.

ஆனால் என் தொழிலில் ஒழுங்கே இல்லை என்று நினைத்துவிடாதே. நிரப்பாத படிவத்தில் யாரையும் இதுவரை நான் கையெழுத்துப் போட விட்டதில்லை. வெற்றுக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுவது, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. உனக்கும் சிறுவயதிலிருந்து சொல்லியிருக்கிறேன், மறக்காதே.

சரிபார்ப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். உன் இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தின் நகலைக் காட்டிப் பெற்றோர் கையெழுத்துக் கேட்டார். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. அடித்தல் திருத்தல் இல்லை. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அப்பா படிக்காமலே போட்டார்.

குளிர் இருந்தால் ஸ்வெட்டர் வாங்கிக்கொள், யோசிக்காதே. வரிசை நீள்கிறது, நிறுத்துகிறேன்.

நீ போன காரியம் கைகூடட்டும்.

உன் அம்மா

*

ஜூலை 12

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்குக் கை சுளுக்கு, வேறொன்றுமில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று அப்பா சொல்கிறார். இரண்டும் தொலையாது என்று அவருக்கும் தெரியும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போன மாதம் இருபதாம் தேதி, மதியம் வரிசை குறைந்திருந்த நேரத்தில், முத்திரை ஒரு கத்தைத் தாளோடு என் மேஜைக்கு வந்தார். மேலிடத்திலிருந்து வந்திருக்கிறது, பாஷை பெரிய பாஷையாக இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார். எல்லைக் கேட்டுகளின் பாதுகாப்பு பற்றிய அறிக்கை. முகப்பில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். பொடி எழுத்தில் பயிற்சியாளர்கள் ஐந்து பேரின் பெயர். மூன்றாவதாக உன் பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன்.

பிறகு முத்திரைக்காக உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். பதினான்காம் பக்கத்தில் நம் கேட்டு வந்தது. இரண்டு கட்டில் ஆஸ்பத்திரி வந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த வரியைப் படித்தபோது என் குரல் எனக்கே கேட்டது. 'உள்ளூரில் விவரம் அறிந்த ஒருவரின் கூற்றுப்படி, நோக்கத்தை எழுதுவது ஒரு கை, கேட்டைத் தாண்டுவது வேறு கால்.' ஆகவே இந்தக் கேட்டில் பதிவாகும் எந்த நோக்கத்தையும் நம்ப முடியாது, ஆட்கள் செல்லும் வழியை மூடிவிட்டு லாரிகளை மட்டும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரை. சித்தியும் அவள் மாமியாரும் அறிக்கையில் இல்லை. படிவத்தில் உறவுக்குக் கட்டமே இல்லை என்பதும் இல்லை. அந்த ஒரு வரிதான் இருந்தது.

முத்திரை தாடையைச் சொறிந்துகொண்டு, "யாரும்மா இப்படிப் போட்டுக் குடுத்தது?" என்றார். யாரோ விவரம் தெரிந்தவர்கள் என்றேன். "உங்க பொண்ணு இருக்கற எடந்தானே இது?" என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக, அவர் கை முத்திரையை எடுக்காமல் சும்மா இருந்ததைப் பார்த்தேன்.

எனக்கு வலித்தது. அதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் பேனாவால் கெட்டேன். தெரிந்த விஷயத்தையே ஏன் எழுதிக் கேட்கிறாய் என்று மார்ச் மாதத்தில் எனக்குத் தோன்றவில்லை. எழுத்தில் இருந்தால்தானே ஆதாரம். நான்தான் சிவப்புப் பேனாவிடம் சொல்லு என்றேன், அதையும் மறக்கவில்லை. நீ எல்லாவற்றையும் எழுதியிருப்பாய், மேலே இருக்கிறவர்கள் கத்தரித்திருப்பார்கள் என்கிறார் அப்பா. "ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறவ வண்டி ஓட்ட முடியுமா?" என்று கேட்டார். இருக்கலாம். நீ சொன்னால்தான் தெரியும்.

அடுத்த மாதம் முதல் தேதி ஆட்கள் வழி மூடப்படும் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். அதுவரைக்கும் மருத்துவம் என்று எழுதினால் டாக்டர் சீட்டு வேண்டும். நம் ஆஸ்பத்திரி டாக்டர் அறிவிப்பைப் படித்துவிட்டு, "பதினோராயிரம் பேரை நான் எப்பம்மா பாத்தேன், எனக்கே தெரியாம?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் ஒருவர்தான் ஊரில் சிரித்தவர்.

சித்தி வழக்கம்போல் வியாழக்கிழமை வந்தாள். சீட்டு இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் முப்பது அடி. அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. இருபது வருடத்தில் முதல்முறையாக நிஜமாகவே ஒரு நோய், அன்றைக்குப் பார்த்து யாரும் நம்பவில்லை. மாமியார் வீட்டு விஷயத்தை முப்பது அடி தூரத்தில் எப்படிக் கத்த முடியும்? எல்லோரும் கேட்பார்களே. பாதியில் நிறுத்திவிட்டாள். கடைசியில், "உன் பொண்ணு அங்கதானே பெரிய வேலை பாக்கறா, அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்க்கா" என்று கத்தினாள். சொல்கிறேன் என்று கத்தினேன். அவளுக்கு அறிக்கை பற்றி எதுவும் தெரியாது. திரும்பி நடக்கும்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

இப்போது வேடிக்கையைக் கேள். ஆட்சேபம் உள்ளவர்கள் இருபத்தைந்தாம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று ஒரு விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு படிவம். ஊரில் படிவம் என்றால் யாரிடம் வருவார்கள்? பத்து நாளாக உட்கார்ந்து அறுபத்து மூன்று ஆட்சேபம் எழுதியிருக்கிறேன். பெற்ற பெண்ணின் அறிக்கைக்கு எதிராக, பெற்றவளின் கையெழுத்தில். முடிவெட்டுகிறவர் வந்தார், டீக்கடைக்காரர் வந்தார், முத்திரைகூட மனைவியை அனுப்பினார். எல்லோரும் கேட்டை மூடாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஏன் மூடக்கூடாது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் 'மருத்துவம்' எப்படி வந்தது என்று அவர்களில் ஒருவரும் எழுதமாட்டார்கள். பயம். அதை எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான்.

எழுதிவிட்டேன். என் படிவத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'இந்தக் கேட்டில் நடந்தது கடத்தலும் இல்லை, உளவும் இல்லை. மனிதர்கள் சொந்தக்காரர்களைப் பார்க்க வந்தார்கள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அதனால் மருத்துவம் என்று எழுதினேன். எழுதியவள் நான். தவறு என்றால் என்னுடையது. கேட்டை மூட வேண்டாம், படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.' அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வாழ்நாளில் முதல்முறையாக, கையெழுத்துக்கு முன்னால் ஒரு தாளை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஒன்பதாவது கட்டத்தில்தான் நின்றுவிட்டேன். அறிக்கையைத் தயாரித்த நிறுவனத்தில் உங்களுக்கு உறவினர் உண்டா என்று கேட்கிறது. மற்ற அறுபத்து மூன்று படிவத்திலும் 'இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். என்னுடையதில் 'உண்டு' என்று எழுதினால் உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், ஆறு மாதம் முடிந்து கிடைக்கும் என்று நீ சொன்ன நிரந்தர வேலையும் கிடைக்காமல் போகலாம். 'இல்லை' என்று எழுதினால், உண்மையைச் சொல்ல வந்தவள் எழுதிய படிவத்தில் ஒரு பொய் உட்கார்ந்திருக்கும். யாராவது ஒருவர் கண்டுபிடித்தால் மற்றதையும் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். கேட்டும் போகும்.

இன்னொரு விஷயம். மார்ச்சில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். உன் விண்ணப்ப நகலில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தாய். அந்த மேஜையில் எழுதித்தான் உன்னைப் படிக்க வைத்தேன், அதனால் படித்தவுடன் ஒரு நிமிடம் பேனா ஓடவில்லை. பிறகு புரிந்தது. படிவம் எழுதுகிறவள் என்று போட்டிருந்தால் எந்தப் படிவம், எந்தக் கேட்டு என்று துருவியிருப்பார்கள். எதை எழுதினால் கேள்வி வராதோ அதை எழுதினாய். எனக்கு மருத்துவம், உனக்கு இல்லத்தரசி. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. ஆனால் என் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன். அதை மாற்றுவதாக இல்லை. விசாரணை என்று வந்தால் உன் விண்ணப்பமும் என் படிவமும் ஒருநாள் ஒரே கட்டடத்துக்குள் இருக்கும், யாராவது ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதையும் தெரிந்துகொள்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒன்பதாவது கட்டம் தவிர எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். நிரப்பாத தாளில் கையெழுத்து வாங்காதவள், நிரப்பாத தாளில் கையெழுத்துப் போட்டு உன்னிடம் தருகிறேன். அந்தக் கட்டத்தை நீ நிரப்பு. உண்டு, இல்லை, எதை எழுதினாலும் நான் எழுதியதாகவே இருக்கும். கிழித்துப் போட்டாலும் நான் கிழித்ததுதான். யாரிடமும் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன், அந்தப் பயம் உனக்கு வேண்டாம். குழுவின் அலுவலகம் உங்கள் தெருவிலேயே இருக்கிறது என்று அறிவிப்பில் போட்டிருக்கிறார்கள், நடந்தே போய்க் கொடுத்துவிடலாம்.

கறுப்பு மையில் எழுது. நீல மை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டத்துக்கு வெளியே எழுத்துப் போகக்கூடாது.

வியாழக்கிழமை சித்தி மறுபடியும் கம்பிக்கு அந்தப் பக்கம் வருவாள். உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் கத்திச் சொல்வேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று உன் பதில் வந்தால் தெரியும். வராவிட்டாலும் நீ நன்றாக இரு. தலை நிமிர்ந்து நட. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உனக்கு இந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கும், அதற்குப் படிவம் கிடையாது.

இப்படிக்கு,
உன் அம்மா.
தொழில்: படிவம் எழுதுதல்.